ரிக்கார்டு ரூம் அம்மையார்

சரித்திரம் எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அதற்கு ஆதாரமான காகிதங்களைக் கட்டிக் காத்தவர்களை யாரும் நினைப்பதே இல்லை. அப்படி ஒருவரைப் பற்றி இந்த மலரில் சொல்ல ஆசை.

மார்கரெட் கிராஸ் நார்ட்டன் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துக்காரர். 1891-ல் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து, பிறகு நூலகப் படிப்பும் முடித்தார். 1922-ல் அந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகம் அவர் பொறுப்பில் வந்தது. ரிட்டயர் ஆனது 1957-ல். ஆக, 35 வருஷம் ஒரே வேலை!

ஆவணக் காப்பகம் என்றால் பெரிய மனிதர்களின் கையெழுத்தைத் தேடிப் பிடித்து, சரித்திர ஆசிரியர்கள் வந்தால் எடுத்துக் காட்டும் இடம் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். நார்ட்டன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அரசாங்கக் காகிதம் முதலில் ஜனங்களின் உரிமைக்குச் சாட்சி, சரித்திர ஆராய்ச்சிக்கு உதவுவது அதற்கு அப்புறம்தான் என்றார்.

டி.சி.யைத் தொலைத்துவிட்டு அலைந்த நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். எத்தனையோ வருஷத்துக்கு முன் யாரோ ஒரு கிளார்க் எழுதிய அட்மிஷன் ரிஜிஸ்டரில் நம்ம பெயர் இருக்கிறதா என்பதுதானே அன்றைக்குக் கேள்வி? அந்த ஒரு வரிக்கு மதிப்பு எப்படி வந்தது? முன்னும் பின்னும் உள்ள பக்கங்களோடு, அதே ஆபீஸில், யாரும் கை வைக்காமல் அது இருப்பதால்தான். கட்டிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவிவிட்டால், யார் எழுதியது, எதற்காக எழுதியது என்ற விவரம் போய்விடும். சாட்சி பலமும் போச்சு. அதனால்தான் காகிதங்களை அவை பிறந்த ஆபீஸின் வரிசைப்படியே வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

காகிதத்துக்கு நெருப்பும் ஈரமும் எமன். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஆவணங்களுக்கென்றே தனிக் கட்டடம் 1938-ல் எழுந்ததில் நார்ட்டனின் விடாமுயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1943 முதல் 1945 வரை அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கத்தின் தலைவராகவும், அதன்பின் அதன் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

சக தொழிலாளிகள் அவருக்குச் செய்த மரியாதையைக் கேளுங்கள். பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார்கள். தார்ன்டன் மிட்செல் என்பவர் பதிப்பித்து 1975-ல் புத்தகமாக வந்தது. எண்பதைத் தாண்டிய நார்ட்டன் அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தார். 1984-ல் மறைந்தார். 1995-ல் அந்தக் கட்டடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

நம்ம ஊர் கல்லூரிகளிலும் ரிக்கார்டு ரூமிலேயே ஆயுசைக் கழித்தவர்கள் ரிட்டயர் ஆகிறார்கள். பொன்னாடை, சந்தன மாலை, குரூப் போட்டோ, டிபன் எல்லாம் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் மறுவாரம் ஒரு பழைய மாணவர் வந்து நின்றால், எந்தக் கட்டு எந்த பீரோவில் என்று சொல்ல ஆள் இருக்காது. அத்தனை வருஷ ஞாபகமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

மாணவ நண்பர்களே, அவர்கள் சர்வீஸில் இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். போர்த்துகிற பொன்னாடையைவிட அவர்கள் மனசு அதில்தான் குளிரும்.