300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆன கதை

உங்கள் கணினியின் புரொசசர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 3.6 கிகாஹெர்ட்ஸ், 4.2 கிகாஹெர்ட்ஸ் என்று. அதுதான் அந்தச் சில்லின் இயற்கையான வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வாக்குறுதி. "இந்த வேகத்தில் ஓடினால் பிழை வராது, அதற்கு நாங்கள் பொறுப்பு" என்று அதைச் செய்த நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணைத் தாண்டி ஓட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். தாண்டிய பிறகு பொறுப்பு யாருடையது? இந்த வரலாறு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

முதல் பூட்டு

ஒவ்வொரு கணினிக்குள்ளும் தாளம் போடும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்தப் படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸில் அதிர்ந்தது. அதை மூன்றால் வகுத்து 4.77 மெகாஹெர்ட்ஸில் புரொசசர் ஓடியது. 1984இல் வந்த பிசி ஏடியில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம். இரண்டால் வகுத்தால் 6. சிலர் அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் போட்டார்கள். அதே புரொசசர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. செலவு, ஒரு சின்னப் படிகத்தின் விலை மட்டும்தான். ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. அடுத்து வந்த ஏடியின் பயாஸ், கணினி தொடங்கும்போதே வேகத்தை அளந்து பார்த்தது. கூடுதலாக இருந்தால் தொடங்க மறுத்தது.

ஒரே சில்லு, இரண்டு விலை

குறிக்கப்பட்ட வேகத்தைவிடக் கூடுதலாக ஒரு சில்லு எப்படி ஓடுகிறது? ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை அச்சிடுகிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி அமைவதில்லை. சோதித்துப் பார்த்து, நன்றாக ஓடுபவற்றுக்குப் பெரிய எண்ணும் மற்றவற்றுக்குச் சின்ன எண்ணும் போடுகிறார்கள். தொழிற்சாலை நன்றாகத் தேறிவிட்டால் பெரும்பாலான சில்லுகள் வேகமாக ஓடக்கூடியவையாகவே வரும். ஆனால் சந்தைக்கு மலிவான சில்லும் வேண்டும். அப்போது நல்ல சில்லுக்கும் சின்ன எண்ணே கிடைக்கும்.

இதற்கு நம் மொன்றியலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. விமான நிலையம் இருக்கும் டோர்வலில் மேட்ரொக்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. 1976இல் லோர்ன் ட்ரொட்டியே, பிராங்கோ மாட்டிச் என்ற இருவர் தொடங்கியது. மக்கில் பல்கலைக்கழகத்தில் ட்ரொட்டியேயின் பெயரில் ஒரு கட்டடம் இருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1999இல் மேட்ரொக்ஸ் ஜி400 என்ற கிராபிக்ஸ் அட்டையை வெளியிட்டது. அதோடு ஜி400 மேக்ஸ் என்ற இன்னொன்றும் வந்தது. வடிவமைப்பு ஒன்றுதான். மேக்ஸின் வேகம் கூடுதல், விலையும் கூடுதல், சூட்டைத் தணிக்க ஒரு விசிறியும் இருந்தது. கூடிய வேகத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்றது. அந்தப் பொறுப்புக்கும் சேர்த்துத்தான் காசு.

1998 ஆகஸ்ட்

1998 என்றால் உங்கள் அம்மா அப்பாவுக்கு ஜனவரி மாத உறைமழைதான் முதலில் நினைவுக்கு வரும். கணினிப் பிரியர்களுக்கு ஆகஸ்ட் மாதம் நினைவுக்கு வரும். அந்த மாதம் இன்டெல் இரண்டு புரொசசர்களை ஒன்றாக வெளியிட்டது. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். விலை 650 அமெரிக்க டாலருக்கு மேல். மற்றது செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ். விலை சுமார் 150 டாலர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மதர்போர்டின் பஸ் வேகத்தை ஒரு பெருக்கியால் பெருக்கினால் புரொசசரின் வேகம் வரும். செலரானின் பெருக்கி 4.5. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது 300. பஸ்ஸை 100 ஆக்கினால்? 450! ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் இதைப் பயாஸிலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டுகளில், புரொசசரின் பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையை டேப்பால் மூடி, 100 மெகாஹெர்ட்ஸ் என்று போர்டை நம்பவைத்தார்கள்.

பென்டியம் 2க்கு 512 கிலோபைட் கேஷ் நினைவகம், ஆனால் அது வெளியே தனிச் சில்லுகளில் பாதி வேகத்தில் ஓடியது. செலரானுக்கு 128 தான், ஆனால் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. அதனால் பல வேலைகளில் 150 டாலர் சில்லு 650 டாலர் சில்லுக்கு ஈடுகொடுத்தது.

இடையில் நின்றால்தான் ஆபத்து. பஸ்ஸை 83இல் வைத்தால், ஹார்ட் டிஸ்கை இணைக்கும் பிசிஐ பாதை 33க்குப் பதிலாக 41.5இல் ஓடும். சில ஹார்ட் டிஸ்குகள் அதைத் தாங்காமல் கோப்புகளைக் கெடுத்துவிடும். 100இல் வைத்தால் போர்டு அதை மூன்றால் வகுக்கும், பிசிஐ மறுபடியும் 33க்கு வந்துவிடும். வேகம் கூடிய இடம்தான் பாதுகாப்பான இடமாகவும் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே கணினி இருந்த காலம் அது. அக்காவின் கட்டுரையும் குடும்பப் படங்களும் அதே டிஸ்கில்தான் இருந்தன. தவறாக ஓவர்கிளாக் செய்தவர் இழந்தது தன்னுடையதை மட்டும் அல்ல.

பென்சிலும் பூட்டும்

1990களின் நடுவில் சில மோசடிக்காரர்கள் மலிவான சில்லின் எழுத்தை அழித்துப் பெரிய எண்ணை அச்சிட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் பெருக்கியைப் பூட்டுகிறோம் என்றது இன்டெல். பூட்டினால் விலை உயர்ந்த சில்லும் விற்கும் என்பது வேறு விஷயம். 2000இல் வந்த ஏஎம்டி அத்லான், டியூரான் சில்லுகளின் மேற்பரப்பில் எல்1 என்ற சின்னப் பாலங்கள் வெட்டப்பட்டிருந்தன. பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும். பாலங்களின் மேல் பென்சிலால் கோடு போட்டார்கள், பூட்டு திறந்துவிட்டது! 2011இல் இன்டெல், பெயரின் கடைசியில் 'கே' போட்ட, பூட்டில்லாத சில்லுகளைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்றது. பென்சிலால் திறந்ததைக் காசால் திறக்கும் காலம் வந்தது.

ஓடுகிறது என்றால் நிலையாக ஓடுகிறதா?

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக ஓவர்கிளாக் வெற்றி என்று சொல்ல முடியாது. கணினி நின்றுபோனால் பிழை உங்களுக்குத் தெரியும். அது நிற்காமல் தவறான விடை தந்தால்?

இதைப் பிடிக்கும் கருவி கணிதத்திலிருந்து வந்தது. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் திட்டத்தைத் தொடங்கினார். அதன் நிரல்தான் பிரைம்95. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிட் தவறினாலும் எல்லாம் வீண். அதனால் விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைச் செய்யவைத்து ஒப்பிடும் ஒரு சோதனை அதில் இருக்கிறது. பகா எண்ணில் ஆர்வமே இல்லாத ஓவர்கிளாக்கர்களும் அதை இரவு முழுக்க ஓடவிட்டார்கள்.

சோதனையில் தவறினால் வோல்டேஜைக் கூட்டுவார்கள். அதற்கும் விலை உண்டு. மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 300ஐ 450 ஆக்கி, 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால் 1.5 பெருக்கல் 1.21. சூடு ஏறக்குறைய 1.8 மடங்கு.

மொன்றியல்காரர் கவனிக்க வேண்டியவை

காற்றால் குளிர்விக்கும் எந்தக் கணினியும் அறையைவிடக் குளிராக இருக்க முடியாது. அறை 18 பாகையிலிருந்து 30க்குப் போனால் புரொசசரும் கிட்டத்தட்ட 12 பாகை ஏறும். ஜனவரியில் சோதித்துத் தேறிய கணினி ஜூலையில் விழுவது இதனால்தான். நம் ஊரில் கோடையிலும் ஒருமுறை சோதியுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்திருக்கும், கதவுப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும். அந்த நிலைமின்சாரம் ஒரு சில்லைக் கொல்லப் போதும். உள்ளே கை வைக்கும் முன் கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொடுங்கள். வெளியே குளிரில் கிடந்த கணினியை உள்ளே கொண்டுவந்தால், அறைச் சூட்டுக்கு வரும்வரை போடாதீர்கள். அதன் மேல் நீர்த்துளி படியும்.

செய்ய விரும்பினால் முதலில் கோப்புகளுக்குப் பிரதி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதி வையுங்கள், சோதியுங்கள். தவறத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி இறங்கி நில்லுங்கள்.

இன்று நிறுவனங்களே டர்போ என்ற பெயரில் சில்லை எல்லைவரை ஓட்டுகின்றன. 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகள் பலருடைய கணினிகளில் நிலைகுலைந்தன. தேவைக்கு மேல் போன வோல்டேஜ் அவற்றைத் தேயவைத்திருந்தது. ஓவர்கிளாக் செய்யாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். இன்டெல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. வாக்குறுதி தந்தவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. எண்ணை நீங்களே மாற்றினால் அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வருகிறது. அதை ஏற்கத் தயார் என்றால் மட்டும் பயாஸைத் திறவுங்கள்.