பொழுதுபோக்குத் தச்சின் வரலாறு

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பரொருவர் எமக்கு வரைந்த கடிதத்தில், "மேல்நாடுகளில் வக்கீல்களும் வைத்தியர்களுங்கூடத் தங்கள் மனையின் பின்புறத்தே சிறு பட்டறையொன்று அமைத்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் பெட்டியும் நாற்காலியும் செய்து மகிழ்கின்றனராமே; நம் பிள்ளைகளோ பாட்டனாரின் உளியைத் தொடவும் நாணுகின்றனர்; இஃது என்ன விந்தை?" என்று வினவியிருந்தார். வினா சிறிதாயினும் எம்மை இரண்டு மூன்று இரவு உறங்கவொட்டாமற் செய்தது. விசுவகர்ம மரபில் தோன்றிய நாம் வயிற்றின் பொருட்டுச் செய்த வேலையை, வயிறு நிறைந்த பிறர் மனத்தின் பொருட்டுச் செய்யப் புகுந்தது எப்போது, எதனால் என்பதை அறிந்து கூறுதல் நம் கடமையென்று தோன்றிற்று. ஆதலின் யாம் கற்றறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறுவோம். கைத்தொழிலை இழிவாக எண்ணும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் அது வேரூன்றியிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர் வாழ்ந்தார். அவர் பூகோள உருண்டைகளும் படங்களும் செய்பவர். அரசரிடம் கடல்வழிப் படவரைஞர் என்னும் பதவியும் பெற்றவர். அவர் 1678-ஆம் வருஷந் தொடங்கிக் கொல்லு வேலை, தச்சு வேலை, கடைசல் வேலை ஆகியவற்றின் முறைகளைச் சிறு சிறு பகுதிகளாக அச்சிட்டு விற்றார். அதன் முகவுரையில், தொழிலாளர் சிலர் முரடராயிருத்தல் பற்றித் தொழிலையே இகழ்தல் தகாது என்று அவர் வாதிக்கின்றார். அவ்வாறு வாதிக்க நேர்ந்ததே அக்காலத்து மனப்பான்மையைக் காட்டிவிடுகின்றது. இழைப்புளியின் பாகங்களையும் உளியின் வகைகளையும் படத்துடன் விளக்கி, பட்டறைக்குள் கால் வையாத வாசகர்க்கும் அவற்றைப் புலப்படுத்திய ஆங்கில நூல்களுள் இது முற்பட்டது.

ஆயின் அரசர்களும் பிரபுக்களும் இதற்கு முன்னரே கடைசற் பட்டறையில் காதல் கொண்டிருந்தனர். ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1697-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசஞ் சென்று கப்பல் கட்டுந் துறையில் கோடரி ஏந்தி வேலை செய்தமை யாவரும் அறிந்ததே. அவர் அரண்மனையிலே கடைசல் இயந்திரங்கள் வைத்திருந்தார். அவற்றுட் சில இன்றும் பீட்டர்ஸ்பர்க் காட்சிச்சாலையில் இருக்கின்றன. பிரெஞ்சு தேசத்தில் ஷார்ல் ப்ளூமியே என்னும் துறவி, கடைசற் கலையைப் பற்றிய பெருநூலொன்றை 1701-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். பின்னர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தினின்றும் லண்டனிற் குடியேறிய ஹோல்ட்ஸாப்பெல் குடும்பத்தார், செல்வர்களுக்கென்றே விலையுயர்ந்த கடைசல் இயந்திரங்கள் செய்து விற்றனர். அவர்கள் 1843-ஆம் வருஷந் தொடங்கி வெளியிட்ட நூல்தொகுதி இன்றும் அத்துறையினரால் போற்றப்படுகின்றது. யானைத் தந்தத்திலும் ஆப்பிரிக்கக் கருமரத்திலும் பூவேலைக் கிண்ணங்கள் கடைந்து, விருந்தினர்க்குக் காட்டி மகிழ்ந்த பிரபுக்கள் பலர். இவற்றை நாம் குறைகூறவில்லை. அவ்வேலைகளுள் சில மிக நேர்த்தியானவை. எனினும் ஓர் இயந்திரத்தின் விலையைக்கொண்டு ஒரு சிற்றூர் தச்சர் தம் வாழ்நாளெல்லாம் உண்ணலாம் என்றால், அதனை மக்களிடையே பரவிய பழக்கமென்று எங்ஙனம் சொல்வது?

பரவிய கதை வேறிடத்தில் தொடங்குகின்றது. அது வடக்கே, பனி மூடிய பின்லாந்து தேசம்.

பின்லாந்து அந்நாளில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அங்கே உனோ சிக்னேயுஸ் (1810-1888) என்ற பாதிரியார் ஒருவர் தோன்றினார். அவர் இளமையில் அலாஸ்காவின் ஸிட்கா என்னுந் துறைமுகத்தில் ஐந்தாண்டு சமய ஊழியஞ் செய்தார். பின்பு பீட்டர்ஸ்பர்க்கில் பள்ளி நடத்தினார். பெஸ்டலாஸி, ப்ரோபெல் என்னுங் கல்வியறிஞர்களின் நூல்களை ஊன்றிக் கற்றுத் தெளிந்தார். கையும் கண்ணும் பழகாத கல்வி பாதிக் கல்வியே என்பது அவர் கொள்கை. 1863-ஆம் வருஷத்தில் யுவாஸ்கிலா நகரில் உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டபோது அவரே தலைவரானார். 1866-ஆம் வருஷத்துப் பள்ளிச் சட்டத்தின்படி, பின்லாந்தின் கிராமப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகட்குக் கைவேலை கட்டாய பாடமாயிற்று. உலகில் ஒரு தேசத்துச் சட்டம் இவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை என்பர். தச்சன் மகனுக்கு மட்டுமன்று, உழவன் மகனுக்கும் பாதிரியார் மகனுக்கும் அது பாடம். அன்பர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும்.

இதனையடுத்து ஸ்வீடன் தேசம். கோதன்பர்க் நகரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஏரிக்கரையிலுள்ள நேஸ் என்னும் பண்ணையை, ஆகுஸ்ட் ஆப்ரஹாம்ஸன் என்ற யூத வணிகர் 1868-ஆம் வருஷத்தில் விலைக்கு வாங்கினார். மறு வருஷமே அவர் மனைவியார் காலமானார். மக்கட்பேறில்லாத அவர், தம் உடன்பிறந்தாள் மகனாகிய ஓட்டோ ஸாலமன் (1849-1907) என்னும் இளைஞரைத் துணையாக வைத்துக்கொண்டு, தம் பொருளைக் கல்விக்குச் செலவிடத் துணிந்தார். 1872-ஆம் வருஷத்தில் சிறுவர்க்கான தொழிற்பள்ளி அங்கே தொடங்கிற்று. சில வருஷங்களுக்குள் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியளிக்கும் பள்ளியும் எழுந்தது. ஸாலமன் 1877-ஆம் வருஷத்தில் பின்லாந்து சென்று முதியவரான சிக்னேயுஸைக் கண்டு உரையாடினார். அச்சந்திப்பு அவர் போக்கையே மாற்றியது. அதுவரை தொழில் கற்பித்தலே நோக்கமாயிருந்த பள்ளி, அதன்பின் தொழிலின் வாயிலாக மனிதனைக் கற்பித்தலை நோக்கமாகக் கொண்டது.

இம்முறைக்கு 'ஸ்லாய்ட்' என்று பெயர். கைத்திறன் என்பது அச்சொல்லின் பொருள். இதன் அமைப்பைச் சற்று விரித்துரைப்போம். ஏனெனில் தொழிலறிந்த நம்மவர்க்கே இதன் நுட்பம் நன்கு விளங்கும்.

முதற் கருவி கத்தி. வாளும் இழைப்புளியும் பின்னரே வரும். ஸ்வீடன் கிராமத்துச் சிறுவன் ஒவ்வொருவன் வீட்டிலும் கத்தி உண்டு. அவன் அதனை முன்னரே அறிவான். அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுதலே கற்பிக்கும் நெறி என்றார் ஸாலமன். முதலிற் செய்யும் பொருள் ஒரு சிறு கோல், அவ்வளவே. எழுத்தைச் சுட்டுதற்குரிய கோல், பூஞ்செடிக்கு ஊன்றும் கோல் எனத் தொடங்கி, மாதிரிகள் ஒன்றினும் ஒன்று சிறிதளவே கடினமாகி ஏறிச் செல்லும். ஒவ்வொரு மாதிரியிலும் புதுக் கருவியோ புதுச் செயலோ ஒன்றிரண்டுக்குமேல் நுழையாது. மரக்கரண்டியும் கோடரிக் காம்பும் அவ்வரிசையில் உண்டு. கோடரிக் காம்பைத் தேர்ந்த காரணம் வியக்கத்தக்கது. நேர்க்கோட்டை மூலைமட்டம் சோதிக்கும். வளைவைச் சோதிக்கக் கண்ணும் உள்ளங்கையுமே உள. காம்பு கையில் அமைகின்றதா என்பதைப் பிடித்துப் பார்த்தே அறியவேண்டும். உருவ உணர்வு பிறக்க வளைந்த பொருள்களே ஏற்றவை என்பது அவர் துணிபு.

செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாயிருத்தல் வேண்டும். வெற்று அலங்காரப் பண்டமாதல் கூடாது. தொடக்கம் முதல் முடிவுவரை பிள்ளை தானே செய்தல் வேண்டும். ஆசிரியர் அவன் மரத்தில் கை வைத்துத் திருத்துதல் ஆகாது. வகுப்பு முழுமைக்கும் ஒரே வேகம் இல்லை. ஒவ்வொருவனும் தன் திறத்துக்கேற்ப முன்னேறுவான். கூனி நில்லாமல் உடலை நிமிர்த்தி நின்று வேலை செய்யவும் பழக்கினர். நம் பட்டறைகளிற் சம்மணமிட்டுக் குனிந்தே முதுகு வளைந்துபோன முதியோரை எண்ணும்போது, இப்பகுதியைப் படித்து யாம் பெருமூச்செறிந்தோம்.

நேஸ் பண்ணையின் பயிற்சி வகுப்புகள் ஆறு வாரம் நடந்தன. ஆடவரும் மகளிரும் ஒரே மேசைவரிசையில் நின்று கற்றனர். மாலையில் விளையாட்டும் ஆடலும் நடைபெறும். ஐரோப்பாவினின்றும் கடல் கடந்த நாடுகளினின்றும் உபாத்தியாயர்கள் திரண்டு வந்தனர். ஸாலமனுடைய முறைநூல் 1891-ஆம் வருஷத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆப்ரஹாம்ஸன் 1898-ஆம் வருஷத்தில் இறந்தபோது, பண்ணை முழுவதையும் தம் தேசத்து அரசுக்கே எழுதி வைத்துப் போனார்.

நிற்க. இதற்கு எதிரான முறையொன்றும் அக்காலத்தே இருந்தது. மாஸ்கோவின் ராஜாங்கத் தொழிற்பள்ளியில் விக்டர் டெல்லா-வாஸ் என்பவர், தொழிலைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து, துளையிடுதல், மூட்டுப் பொருத்துதல் முதலியவற்றை மட்டும் பயிற்றுவித்தார். பயனுள்ள பொருளொன்றும் அங்கே உருவாவதில்லை. மூட்டைச் செய்வதும் எறிவதுமே பயிற்சி. 1876-ஆம் வருஷத்துப் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் இதனைக் கண்ட அமெரிக்கர் பெரிதும் கவரப்பட்டனர். பெருந்தொழிற்சாலைக்கு ஆள் பழக்க இம்முறை விரைவானதென்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மாதம் மூட்டுகளையே செய்த சிறுவன் வீட்டுக்கு வெறுங்கையோடு செல்வான். ஸ்லாய்ட் சிறுவன் தாய்க்கு ஒரு கரண்டி கொண்டுபோவான். எம் மனம் கரண்டியின் பக்கமே சாய்கின்றது.

ஸாலமனிடத்தும் எமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இவ்வேலையைக் கற்பிப்போர் பயிற்சிபெற்ற பள்ளி உபாத்தியாயரே ஆதல் வேண்டும், தொழில்செய்து பிழைக்குந் தச்சர் ஆகார் என்று அவர் வற்புறுத்தினார். தச்சர் பொருளை நோக்குவார், உபாத்தியாயர் பிள்ளையை நோக்குவார் என்பது அவர் கூறிய நியாயம். அதில் உண்மையில்லையென்று சொல்லமாட்டோம். பட்டறையில் அடி வாங்கியே தொழில் கற்ற நம் முன்னோர் பலர் அதற்குச் சான்று. என்றாலும், கலையை நூற்றாண்டுகளாகக் காத்துவந்தவனை வாயிலில் நிறுத்திவிட்டு, ஆறு வாரம் பயின்றவரை உள்ளே அழைத்தது முழு நீதியாகுமா? கற்பிக்கும் பாங்கைத் தச்சருக்கும் கற்றுக்கொடுத்திருக்கலாகாதா? அன்பர்கள் தாமே ஆராய்ந்துகொள்க.

பள்ளியில் நட்ட இவ்விதை வீடுகளிற் பயிரானமையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1888-ஆம் வருஷத்தில் குஸ்தாவ் லார்ஸன் என்னும் ஸ்வீடன் ஆசிரியர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கற்பிக்கத் தொடங்கினார். பாலின் அகாஸிஸ் ஷா என்னும் அம்மையார் பொருளுதவி புரிந்தார். இங்கிலாந்தில் மெல்லிய பலகையை நுண்வாளால் அறுத்துப் பூவேலை செய்யும் பழக்கம் இல்லந்தோறும் பரவிற்று. 1895-ஆம் வருஷத்தில் 'ஹாபீஸ்' என்னும் வாரப் பத்திரிகையும், 1901-ஆம் வருஷத்தில் 'உட்ஒர்க்கர்' என்னும் பத்திரிகையும் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்சாரத் துரப்பணம் வீட்டுப் பண்டமாயிற்று. 1947-ஆம் வருஷத்தில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் வாள், துரப்பணம், கடைசல் முதலியவற்றை ஒரே இயந்திரத்தில் அடக்கி 'ஷாப்ஸ்மித்' என்னும் பெயரால் விற்றார். நம் அன்பர் கேள்விப்பட்ட வீட்டுப் பட்டறைகள் இவ்வழி வந்தவையே.

நம்மவர்க்கும் இக்கதையில் ஒரு தொடர்பு உண்டு. 1910-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் நகரத்துக்கு அணித்தாக, காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. பண்ணை நிலத்தை அளித்த ஹெர்மன் காலன்பாக் கட்டடக் கலைஞர். தச்சு வேலையும் நன்கறிந்தவர். அவர் தலைமையில் விசுப்பலகை முதல் பெட்டி வரை வேண்டியனவெல்லாம் அவர்களே செய்துகொண்டனர். பின்னர், 1937-ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியை அடிகள் நாட்டின் முன் வைத்தார். தொழிலின் வருவாயே உபாத்தியாயர் ஊதியத்தை ஈடுசெய்ய வேண்டுமென்பது அவர் ஆவல். ஸாலமன் இதற்கு இசைந்திரார். ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழுவினரும், வருவாயையே நோக்கிக் கல்வியை மறத்தலாகாது என்று எச்சரித்தனர்.

1953-ஆம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்து முதன்மந்திரி ராஜாஜி, கிராம ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலுமாறு திட்டமொன்று கொணர்ந்தார். குலக்கல்வித் திட்டமென்று அதனை எதிர்த்தோர் பெயரிட்டனர். மறு வருஷம் காமராஜர் ஆட்சி அதனைக் கைவிட்டது. கைவேலை நன்றென்று இத்துணையும் எழுதிய நாம், அத்திட்டத்தை விரும்புகின்றோமோ என்று சிலர் கருதக்கூடும், இல்லை. பின்லாந்தில் பாதிரியார் மகன் கையிலும் கத்தி கொடுக்கப்பட்டது. இங்கே நம் பிள்ளைக்கு உளியும், பிறர் பிள்ளைக்கு ஏடும் என்று ஆகியிருக்கும். பிள்ளைகள் உளியைக் கண்டு நாணுவதன் காரணத்தை அன்பர் வினவினாரன்றோ? அதன் பெரும்பகுதி இவ்வேற்றுமையில் அடங்கியிருக்கின்றது என்பதே எம் கருத்து. தான் விரும்பி எடுப்பவனுக்கு உளி விளையாட்டு. உனக்கு இதுவே விதி என்று கையில் திணிக்கப்பட்டவனுக்கு அது விலங்கு.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கைவேலை இன்றும் பள்ளிகளிற் கட்டாய பாடமாகவே இருக்கின்றது; ஆண் பெண் இருபாலாரும் கற்கின்றனர். எதினின்று தொடங்கலாம் என்றும் அன்பர் கடிதத்தின் அடியிற் கேட்டிருந்தார். நம் ஊரில் எளிதிற் கிடைக்கும் வேம்பின் கிளையொன்றும், நன்கு தீட்டிய கத்தியொன்றும் போதும். ஒரு சாண் நீளக் கோலை உருட்டிச் செதுக்கச் சொல்லுக. முதற்கோல் கோணும், மூன்றாவது கோல் நேர்ப்படும். பெண்பிள்ளைகள் வீட்டிலிருப்பின் அவர்கட்கும் ஒரு கத்தி கொடுக்க மறவற்க.