தப்பால் பையில் வந்த போர்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அதற்கு முன்பே தலைநகரம் படைமுகாமாகிவிட்டது. குதிரைப் பந்தயத் திடலிலிருந்து போர் விமானங்கள் பறந்தன.

முகாம் சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை முதலில் படித்தவர் அவருடைய அதிகாரி. ஊர், கப்பல், படைப்பிரிவு என்று எந்தப் பெயர் தென்பட்டாலும் கத்தரி விழும். கடிதங்களைப் படச்சுருளில் ஏற்றி விமானத்தில் அனுப்பும் ‘ஏர்கிராஃப்’ முறையும் அந்தப் போரில்தான் வந்தது. 50 இறாத்தல் எடையுள்ள 1,600 கடிதங்கள் சுருளில் 5 அவுன்ஸாகச் சுருங்கின. அத்தகைய கடிதங்களை இன்றும் லண்டன், கன்பரா போர் அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன.

அதே போருக்காக இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் ரப்பர் பால் வெட்டியவர்களின் கடிதங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, அடுத்த மாதம் ஜாவாவும் போனது. நேச நாடுகள் இயற்கை ரப்பருக்குப் பெரிதும் இலங்கையையே நம்ப வேண்டியதாயிற்று. சப்ரகமுவவின் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் முதிர்ந்த மரங்களுக்கு ஓய்வே இல்லை; பட்டையில் இடமிருந்த பக்கமெல்லாம் கத்தி ஓடியது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்பே வேலை தொடங்கும். பால்வெட்டுக் கத்தியால் பட்டையை மெல்லியதாகச் சீவி, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்கள். படை லொறிகளின் சக்கரங்களில் ஓடியது அந்தப் பால்.

தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1 முதல் தடுத்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களில் வேலை செய்த பலருக்கு, ஊருக்குப் போனால் திரும்ப முடியுமா என்ற பயத்தில் கடிதமே துணை. அதுவும் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நேரே வராது. தபால் சுமக்கும் தப்பால்காரர் பையோடு போய் நிற்பது தோட்டத்து ஆபீஸில். எழுத்து தெரியாதவருக்குக் கணக்கப்பிள்ளையோ பள்ளிக்கூட வாத்தியாரோ படித்துச் சொல்ல வேண்டும். சிப்பாய்க்கு அதிகாரி என்றால், இவர்களுடைய வீட்டுச் சங்கதிக்கு நடுவிலும் ஓர் அந்நியக் கண்.

போர் முடிந்தபின், இலங்கைக் குடியுரிமைக்காக இந்தத் தொழிலாளரிடம் அந்த ஆண்டுகளுக்கே சான்று கேட்டார்கள். 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டப்படி, மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகள் இங்கே இடைவிடாமல் இருந்ததை நிரூபிக்க வேண்டும்; மணமாகாதவருக்கு 10 ஆண்டுகள். போர்க்காலம் முழுவதும் அந்தக் கணக்குக்குள் அடங்கியது. பேர் பதிந்த செக்ரோல் என்ற வேலைப் பதிவேடோ தோட்டத் துரையின் ஆபீஸில் இருந்தது. 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தவர்கள் ஒன்றரை லட்சத்தை எட்டவில்லை.