கள்ளி வந்த கதையும் அடங்கிய கதையும்

மண்டபம், இராமேசுவரம் பக்கம் மணல்மேட்டிலும் வேலியோரத்திலும் நிற்கிற சப்பாத்திக்கள்ளியை நம்ம ஊர்ச் செடி என்றுதானே நினைக்கிறோம்? அது அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க.

அங்கே கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். ஸ்பெயின்காரர்களுக்கு அதில் கொழுத்த லாபம். அந்த வியாபாரத்தில் கம்பெனியாருக்கும் ஆசை வந்தது. 1780களில் சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் காப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். வந்ததோ மட்டமான ரகம். சாயம் தேறவில்லை, பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது.

நம்ம கடலோரத்து முள்கள்ளி அதற்கு அசையவில்லை. மேய்ச்சல் தரையெல்லாம் பரவியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறு ரகப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் தென்னாட்டுக் கள்ளிக்காடு அடங்கியது.

இப்போது முள்ளில்லாக் கள்ளியைத் தீவனத்துக்கு நடச் சொல்கிறார்கள். நல்லதுதான். மடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கோடையில் ஆடுமாட்டுக்குத் தாகம் தணியும். தனியாகப் போட்டால் கழியும். நறுக்கி வைக்கோலோடு கலந்து போடுங்கள். பழத்தையும் சுணை நீக்கித் தின்னலாம், விற்கலாம்.

ஆனால் கள்ளியை அழித்த அதே பூச்சி, 2014இல் மொராக்கோவில் புகுந்து பழத்தோட்டங்களை நாசமாக்கியது. நம்ம நாட்டிலும் அது இருக்கிறது. ஆகவே தண்ணீர் தேங்காத மேட்டில் முதலில் கொஞ்சமாக நடுங்கள். மடலில் பஞ்சு மாதிரி வெள்ளை தெரிந்து, நசுக்கினால் சிவப்பு வடிந்தால், அந்த மடலை உடனே அறுத்துப் புதைத்துவிடுங்கள்.