கெண்டைக்கால் வலியும் ஒரு மருந்தின் கதையும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட பதிவு இது. நான் டாக்டர் இல்லை, பி.காம் படித்து வங்கியில் குப்பை கொட்டுபவன். தேடிப் படித்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குன்னத்துகால், நெய்யாற்றின்கரைப் பக்கம். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். பக்கத்துக் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சோமர்வெல் பெயர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருந்த வெள்ளைக்காரர் அவர். 1924-ல் எவரெஸ்ட் ஏறப்போன இடத்தில் தொண்டைச் சவ்வு உரிந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அழுத்தி, அடைப்பைத் துப்பிப் பிழைத்தார். என் மாமாவுக்கு ரொம்பப் பிடித்த கதை.

2021 மே மாதம் மாமாவுக்குக் கொரோனா. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து குணமாகி வீட்டுக்கு வந்தார். நான்காம் நாள் போனில், "மருமவனே, இடது கெண்டைக்கால் ஒரே கடுப்பு, கொஞ்சம் வீக்கமும் உண்டு" என்றார். "கிடந்தே கிடந்ததால இருக்கும் மாமா, தைலம் தேய்ச்சுட்டு அசையாம படுங்க" என்றேன். மறுநாள் விடியற்காலை மூச்சு முட்டி விழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலைப் போய் அடைத்திருக்கிறது என்று மாமியிடம் சொன்னார்களாம்.

காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கண்டு சொன்னவர் ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மன் டாக்டர், 1840-களிலும் 50-களிலும். காலின் ரத்தக்குழாயில் உண்டாகும் கட்டி பிய்ந்து, ஓட்டத்தோடு போய் நுரையீரலில் சிக்குகிறது என்றார். கட்டி உண்டாக மூன்று காரணங்களை அவர் பெயரால் இன்றும் சொல்கிறார்கள்: ரத்தம் தேங்குவது, குழாயின் உட்சுவர் கெடுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. கொரோனா இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. படுக்கையில் ரத்தம் தேங்கும், அழற்சி உட்சுவரைக் கெடுக்கும், உறைய வைக்கும் பொருட்களும் ரத்தத்தில் கூடும்.

மருந்தின் கதை இன்னும் விசேஷம். 1916-ல் அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறையவிடாத பொருளைக் கண்டார். அவருடைய பேராசிரியர் ஹோவெல் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1918-ல் ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார். ஈரலிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். அதே 1918-ல்தான் இந்தியாவில் கோடிக்கும் மேற்பட்டவர்களை இன்புளூயன்சா கொண்டுபோனது. ஹெப்பாரினைச் சுத்தம் செய்து மனிதர்களுக்கு ஊசியாகப் போட 1930-கள் வரை ஆயிற்று. டொராண்டோவில் சார்லஸ் பெஸ்ட்டின் குழு அதைச் செய்தது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட அதே பெஸ்ட்தான்!

நூறு வருடம் கழித்து, 2020 ஏப்ரலில், நெதர்லாந்திலிருந்து ஒரு கணக்கு வந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 184 கொரோனா நோயாளிகளில், தடுப்பு மருந்து கொடுத்தும் 31 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி. 2021 ஆகஸ்டில் வந்த பெரிய ஆய்வுகள், முழு அளவு ஹெப்பாரின் நோய் முற்றாதவர்களுக்குப் பலன் தந்தது, ஐ.சி.யூ. அளவுக்கு முற்றியவர்களுக்குத் தரவில்லை என்று காட்டின. ஆக, மருந்து மட்டுமல்ல, கொடுக்கிற நேரமும் முக்கியம்.

2021 டிசம்பரில் பிரேசிலிலிருந்து வந்த ஆய்வுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டிஸ்சார்ஜ் ஆன, ஆனால் கட்டி வரும் அபாயம் அதிகமுள்ள 320 பேரில் பாதிப் பேருக்கு ரிவரோக்ஸபான் மாத்திரை 35 நாள் கொடுத்தார்கள். ரத்தக்கட்டியும் அதனால் வரும் சாவும் மாத்திரை எடுத்தவர்களில் 3 சதவீதம், எடுக்காதவர்களில் 9. மாமா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஊரில் வயதானவர்களை விட்டுவிட்டு போனிலேயே வைத்தியம் சொல்கிற நம் எல்லோருக்கும்தான் இது. காய்ச்சலோ ஆபரேஷனோ, படுக்கையில் கிடந்து வந்தவர் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாலோ, மூச்சு திடீரென்று வாங்குகிறது என்றாலோ, தைலம் தேய்க்கச் சொல்லாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ரத்தம் நீர்க்கும் மருந்தை டாக்டரைக் கேட்காமல் வாங்கித் தரவும் வேண்டாம், அதில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

மாமி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீ என்ன செய்வ மக்ளே, தூரத்தில கிடக்க" என்பாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.