காவிரிக் கடைமடைப் புதினங்கள்

காவிரிக் கடைமடைப் புதினங்கள் என்பது, காவிரியின் கிளையாறுகள் வங்காள விரிகுடாவில் கலக்கும் பகுதியில் வாழும் மக்களின் சமூக, பொருளாதார நிலைமைகளைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புதினங்களைக் குறிக்கும். இப்பகுதியில் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களும், அவற்றால் மூன்று புறமும் சூழப்பட்ட புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டமும் அடங்கும். இவற்றை எழுதியோர் ஓர் இலக்கிய இயக்கமாகச் செயல்பட்டவர்கள் அல்லர். அவர்களுடைய அரசியல் நிலைப்பாடுகளும் ஒன்றல்ல. எனினும் நிலவுடைமை, கூலி, சாதி, நீர்ப் பற்றாக்குறை, புயல், கடல்கடந்த இடப்பெயர்வு ஆகிய சிக்கல்கள் இப்புதினங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இச்சிக்கல்கள் காரைக்காலின் ஆட்சி எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் பொதுவானவை.

நிலப்பகுதியும் எல்லைகளும்

ஓர் ஆற்றின் பாசனத்தில் கடைசியாக நீர் பெறும் நிலங்கள் கடைமடை எனப்படும். மேட்டூர் அணை (1934) வழக்கமாகத் திறக்கப்படும் நாள் சூன் 12 ஆகும். அந்நீர் அரசலாறு, நண்டலாறு, திருமலைராயனாறு முதலிய கிளைகள் வழியாகக் காரைக்காலை அடையும் முன் மேற்கிலுள்ள வயல்கள் அனைத்தையும் கடந்தாக வேண்டும். நீர் குறைந்தால் முதலில் காய்வதும், மழை மிகுந்தால் முதலில் மூழ்குவதும் கடைமடையே. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் காரைக்காலுக்கென 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பிலும் இவ்வளவு மாற்றப்படவில்லை.

நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான கடற்கரையில் மூன்று ஐரோப்பிய அரசுகள் அருகருகே இருந்தது இப்பகுதியின் தனித்தன்மையாகும். தரங்கம்பாடி 1845 வரை டேனியர் வசமிருந்தது. நாகப்பட்டினம் ஒல்லாந்தரிடமிருந்து 1781இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பெற்று, இடையில் சிலமுறை இழந்து மீட்டபோதிலும், 1954 நவம்பர் 1 வரை ஆண்டனர். சட்டப்படியான முழு இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நிகழ்ந்தது.

இதனால் ஒரே சாதி அமைப்பும் ஒரே வேளாண்மை முறையும் கொண்ட அண்டை ஊர்கள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் இருந்தன. தஞ்சைப் பண்ணையாட்கள், குத்தகைதாரர்களுக்குப் பாதுகாப்பளிக்கச் சென்னை மாநில அரசு 1952இல் சட்டம் கொண்டுவந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1961இலும் புதுச்சேரியில் 1973இலும் இயற்றப்பட்டது. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களின் நிலைமையில் இவ்வெல்லை எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கியது என்பது ஆராயத்தக்கது. புதினங்கள் காட்டும் வாழ்க்கையில் எல்லையைவிட ஆறே பெரிதாகத் தெரிகிறது.

தமிழின் முதல் புதினமாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் (1879) இப்பகுதியோடு தொடர்புடையதே. அதனை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது அங்குக் கஞ்சித்தொட்டி அமைத்து உதவியவர். எனினும் அப்புதினம் ஒரு செல்வக் குடும்பத்தின் கதையாகும். பண்ணையாள் தமிழ்ப் புதினத்தின் மையத்திற்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

நிலமும் கூலியும்

கீழத்தஞ்சை எனப்பட்ட இப்பகுதியில் நிலம் சிலரிடமும், கோயில்கள், மடங்களிடமும் குவிந்திருந்தது. உழைப்பவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். 1940களில் பி. சீனிவாசராவ் முதலிய பொதுவுடைமைக் கட்சியினர் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினர். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுதலும் அக்காலத்தில் நடைமுறையிலிருந்த தண்டனைகள் ஆகும்.

1960களில் பசுமைப் புரட்சியால் விளைச்சல் பெருகியபோது, அதில் தம் பங்கை உழைப்பாளர்கள் கேட்டனர். அரைப்படி நெல் கூடுதல் கூலிக்கான போராட்டம் என்று இது பொதுவில் சொல்லப்படுகிறது. நிலக்கிழார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து எதிர்த்தனர். 1968 திசம்பர் 25 இரவு நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்குத் தண்டனை வழங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்பது அத்தீர்ப்பில் சொல்லப்பட்ட கருத்துகளுள் ஒன்று. இந்நிகழ்வின் பின் தமிழ்நாட்டில் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் (1969) வந்தது.

இந்நிகழ்வை ஒட்டிய புதினங்களுள் முதலில் பரவலாக அறியப்பட்டது இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் (1975) ஆகும். தில்லியிலிருந்து சிற்றூருக்கு வரும் கோபால், சிவா என்னும் படித்த இளைஞர்களின் பார்வையில் கதை நகர்கிறது. இதற்கு 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இதனைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய கண் சிவந்தால் மண் சிவக்கும் என்னும் திரைப்படம் 1983இல் வெளிவந்தது.

விருதைப் போலவே இப்புதினத்திற்கு எதிர்ப்பும் வந்தது. கதையிலுள்ள நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைவே உளவியல் காரணமாகக் காட்டப்படுகிறது. இடதுசாரித் திறனாய்வாளர்கள் இதனை ஏற்கவில்லை. கூலிப் போராட்டத்தை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருக்குவது வரலாற்றைத் திரிப்பதாகும் என்பது அவர்களின் வாதம். எரித்தவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டிருந்தனர் என்பதை நோக்கினால் இவ்வாதத்தின் வலிமை புலப்படும். மறுபுறம், வெண்மணியைப் பற்றி நகரத்து நடுத்தர வாசகர்கள் புதினமாகப் படிக்க நேர்ந்தது பெருமளவில் இந்நூலாலேயே என்பதையும் மறுப்பதற்கில்லை.

திருவாரூர் வட்டாரத்தைச் சேர்ந்த சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் (1999) அதே நிகழ்வை ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் வேறு திசையிலிருந்து அணுகியது. இங்கே வெளியூர்ப் பார்வையாளர் இல்லை. கீழத்தஞ்சை வட்டார வழக்கிலேயே சேரியின் அன்றாட வாழ்க்கையும், சங்கத்தின் வளர்ச்சியும், ஊரின் பகையும் சொல்லப்படுகின்றன. நடவு, அறுப்பு, போரடி, கூலி அளப்பு ஆகியவற்றுக்கான சொற்கள் நிறைந்திருப்பதால் வெளி வட்டார வாசகர்களுக்குத் தொடக்கம் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆனால் மரக்காலிலும் படியிலும் அளக்கப்படும் நெல் ஒரு குடும்பத்தின் எத்தனை வேளைச் சோறு என்பது விளங்கினால்தான் அரைப்படிக்காக மக்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்தனர் என்பதும் விளங்கும்.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய த ஜிப்சி காடஸ் (2014), குறத்தியம்மன் என்னும் பெயரில் தமிழாக்கம் செய்யப்பட்டுள்ளது. மனு, துண்டறிக்கை, அறிக்கை போன்ற ஆவண வடிவங்களைப் புதினத்துக்குள் கொண்டுவந்து, இப்படியொரு நிகழ்வைக் கதையாக்கலாமா என்ற கேள்வியையே இது எழுப்புகிறது.

வெண்மணியைச் சாராமல் வேளாண் தொழிலாளர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் ராஜம் கிருஷ்ணனின் சேற்றில் மனிதர்கள் (1982) குறிப்பிடத்தக்கது. களத்திற்கே சென்று தகவல் திரட்டி எழுதுவது இவரது வழக்கம். சங்கம் வந்த பின்னும் பெண் தொழிலாளர்களின் சுமை குறையாததை இவர் கவனித்தார்.

ஆலையின் வருகை

மயிலாடுதுறையில் பிறந்த சா. கந்தசாமியின் (1940-2020) சாயாவனம் 1960களின் இறுதியில் வெளிவந்தது. வெளிநாட்டில் பொருளீட்டித் திரும்பும் சிதம்பரம் என்பவன், கரும்பாலை அமைப்பதற்காக ஓர் அடர்ந்த தோட்டத்தை விலைக்கு வாங்கி அழிக்கிறான். புதினத்தின் பெரும்பகுதி இவ்வழிப்புப் பணியே ஆகும். வெட்டுதலும், தீயிடுதலும், கொடிகளோடும் வேர்களோடும் போராடுதலும் விரிவாக வருகின்றன. ஆசிரியர் எவரையும் பழிப்பதில்லை. ஆலை வருகிறது, ஊருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்துப் புளிய மரங்கள் போனபின் ஊரார் கடைப் புளியை வாங்க வேண்டியதாகிறது, அதன் சுவை அவர்களுக்குப் பிடிப்பதில்லை. சுற்றுச்சூழல் என்னும் சொல் பரவலாவதற்கு முன்பே இதனை எழுதியது கந்தசாமியின் சிறப்பு.

உப்பளமும் கடலும்

நெல் விளையாத கரையோர நிலத்தின் கதைகளைச் சு. தமிழ்ச்செல்வி எழுதியுள்ளார். திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த இவருடைய அளம் (2002) வேதாரண்யம் வட்டார உப்பளங்களைக் களமாகக் கொண்டது. பிழைப்புக்காகக் கணவன் கடல்கடந்து சென்று திரும்பாத நிலையில் சுந்தராம்பாள் என்பவள் மூன்று பெண்மக்களை வளர்க்கிறாள். வேலையற்ற மாதங்களிலும் பஞ்சத்திலும் கீரையும் கிழங்கும் தேடி உண்டு குடும்பம் பிழைக்கிறது. வேதாரண்யம் என்றவுடன் வரலாற்று நூல்கள் 1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் நடந்த உப்புச் சத்தியாகிரகத்தைச் சொல்லும். அளத்தில் உப்பு வாருபவர்களின் கால் புண்ணைச் சொல்வதற்கு இப்புதினம் தேவைப்பட்டது.

இவருடைய கீதாரி (2003), வயல்களில் கிடை போட்டு ஊர் ஊராகச் செல்லும் ஆட்டிடையர்களைப் பற்றியது. ஆறுகாட்டுத்துறை மீனவர் வாழ்க்கையைச் சொல்கிறது. இக்கடற்கரை 1952, 1977ஆம் ஆண்டுப் புயல்களாலும், 2004 ஆழிப்பேரலையாலும், 2018 கசாப் புயலாலும் கடுமையாகத் தாக்கப்பட்டது.

கப்பலுக்குப் போனவர்கள்

காரைக்காலின் வரலாறு இப்புதினங்களோடு நேரடியாக இணையும் இடம் கடல்கடந்த இடப்பெயர்வாகும். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது புதுச்சேரியும் காரைக்காலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றும் துறைமுகங்களாயின. 1861ஆம் ஆண்டு ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கை ஆங்கிலேய இந்தியப் பகுதியிலும் ஆள் திரட்ட இடமளித்தது. காரைக்காலைச் சுற்றியிருந்த தஞ்சை மாவட்ட ஏழைகளுக்கு இது அண்மையிலிருந்த வாயிலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரியூனியன் தீவுக்கு மட்டும் இந்தியாவிலிருந்து ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் சென்றனர். குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும், மர்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் சென்றனர். ரியூனியனுக்கான ஆட்சேர்ப்பை ஆங்கிலேய அரசு 1882இல் நிறுத்தியது. அங்குள்ள இவர்களின் வழித்தோன்றல்கள் மலபார் எனப்படுகின்றனர். மாரியம்மன் வழிபாடும் தீமிதியும் அவர்களிடம் எஞ்சின. பேச்சுமொழியாகத் தமிழ் பெரும்பாலும் எஞ்சவில்லை.

பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணாவின் நீலக்கடல், இதற்கு முந்தைய காலத்தை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மொரீசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களைப் பற்றிப் பேசுகிறது. பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு ஆளுநர் டூமாவின் காலத்தைக் காட்டுகிறது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானதும் அக்காலத்திலேயே.

கடைமடைப் பகுதியில் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதைக் கப்பலுக்குப் போதல் என்பர். நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற கப்பல்களின் காலத்தில் உருவான இவ்வழக்கு, வளைகுடா நாடுகளுக்கு வானூர்தியில் செல்லத் தொடங்கிய பின்னும் நீடித்தது. காரைக்காலை ஒட்டித் தெற்கிலுள்ள நாகூரைச் சேர்ந்த நாகூர் ரூமியின் கப்பலுக்குப் போன மச்சான் என்னும் புதினத்தின் தலைப்பே இதற்குச் சான்று. வளைகுடாவில் உழைப்பவர்களின் தனிமையும் ஊரில் காத்திருக்கும் குடும்பங்களின் நிலையும் அதன் பொருளாகும்.

ஆப்பிரிக்கப் புதினங்களோடு ஒப்பீடு

குடியேற்ற ஆட்சிக்குப் பிந்தைய ஆப்பிரிக்கப் புதினங்களோடு இவற்றை ஒப்பிட இடமுண்டு. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் (1938-2025) பெடல்ஸ் ஆஃப் பிளட், குருதிப்புனல் விருது பெற்ற அதே 1977இல் வெளிவந்தது. வறட்சியால் வாடும் இல்மோரோக் என்னும் சிற்றூர், மது ஆலையும் வங்கியும் வந்தபின் நகரமாகி, பழைய உழவர்களை வெளியே தள்ளுவதை அது சொல்கிறது. சாயாவனத்தில் ஆலையைக் கொண்டுவருபவன் தனியொருவன். இல்மோரோக்கில் அரசும் முதலாளிகளும் சேர்ந்து கொண்டுவருகின்றனர்.

இன்னும் நெருக்கமான ஒப்புமை செனகல் எழுத்தாளர் உஸ்மான் செம்பேனின் சாலா (1973) ஆகும். அதிலும் செல்வந்தன் ஒருவன் மூன்றாம் திருமண இரவில் ஆண்மையை இழக்கிறான். ஆனால் செம்பேன் அதனைக் கொடுமைக்குக் காரணமாக வைக்கவில்லை. விடுதலைக்குப் பின்னும் பிரெஞ்சு மூலதனத்தையே நம்பி நிற்கும் உள்நாட்டு வணிக வகுப்பின் இயலாமைக்கு உருவகமாக்கினார். இறுதியில் அவனை இழிவுபடுத்துவோர் அவனால் நிலம் பறிக்கப்பட்டவர்களும் இரவலர்களுமே. குருதிப்புனல் மீதான எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவும்.

ஆப்பிரிக்கப் புதினங்களுள் சில தமிழிலும் கிடைக்கின்றன. சினுவா அச்சிபியின் திங்ஸ் ஃபால் அபார்ட் (1958) என். கே. மகாலிங்கத்தால் சிதைவுகள் என்னும் பெயரிலும், கூகியின் டெவில் ஆன் த கிராஸ் சிலுவையில் தொங்கும் சாத்தான் என்னும் பெயரிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன.