எது முதல்ல வந்தது? நிலநடுக்கமா, நெருப்பா?

போன மாசம் எங்க வீட்டுச் சமையலறையில் மரத்தரை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு எழும்பியது. பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பின்னாடி குழாய் விட்டுப்போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டோம், ஆள் அனுப்பினாங்க. வந்தவர் நல்ல மனுஷர்தான். கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இது திடீர்னு உடைஞ்சு வந்த தண்ணியா, இல்ல மாசக்கணக்கா கசிஞ்ச தண்ணியா?" முதலாவதுன்னா பணம் வரும், ரெண்டாவதுன்னா வராது.

நான் விவரமா நாற்பது போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். பெருமையா நீட்டினேன். அவர் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துட்டு, "எல்லாம் தண்ணி வந்த பிறகு எடுத்தது. அதுக்கு முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்கா?"ன்னார். முழிச்சேன் :-)

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சப்போ ஞாபகம் வந்தது, எப்பவோ படிச்ச ஒரு பழைய கதை. நாங்க இருக்கும் சான் ஹோசேயிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில், ஒரு ஊரே இதே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற கதை.

1906 ஏப்ரல் 18, காலை 5 மணி 12 நிமிடம். ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிட்ட நிலநடுக்கம். ஆனால் தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. தீயணைப்புத் துறைத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் படுகாயம் அடைந்து, நாலு நாளில் இறந்து போனார். அங்கங்கே தீப்பிடித்தது, அணைக்கத் தண்ணீர் இல்லை. ஹேய்ஸ் தெருவில் யாரோ காலைச் சமையலுக்கு அடுப்பு மூட்ட, விரிசல் விட்ட புகைபோக்கி வழியாகத் தீ பரவி நகர மன்றக் கட்டடம் வரை கொண்டு போனது. ஊர்க்காரர்கள் அதற்கு 'ஹாம் அண்ட் எக்ஸ்' தீ என்றே பெயர் வைத்தார்கள். மூன்று நாளில் சுமார் 28,000 கட்டடங்கள் சாம்பல். மூவாயிரத்துக்கும் மேல் சாவு. நாலு லட்சம் பேர் இருந்த ஊரில் பாதிக்கு மேல் வீடில்லாமல் பூங்காக்களில் கூடாரத்தில்.

மொத்தச் சேதம் அன்றைய மதிப்பில் 40 கோடி டாலர் என்று ஒரு கணக்கு. அதில் நிலநடுக்கம் மட்டும் செய்தது 8 கோடி, மிச்சமெல்லாம் நெருப்பு. இந்தப் பிரிவினையில்தான் எல்லாருடைய தலையெழுத்தும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன்னா அவங்க கையில் இருந்தது தீ இன்சூரன்ஸ். நிலநடுக்கத்துக்கு அதில் பத்து பைசா கிடையாது.

அதோட விட்டாங்களா? அப்போது பரவலாகப் புழங்கிய நியூயார்க் ஸ்டாண்டர்டு பாலிசியில் ஒரு வரி உண்டு. கட்டடமோ அதன் ஏதாவது ஒரு பகுதியோ, தீயினால் அல்லாமல் வேறு காரணத்தால் விழுந்தால், அந்த நிமிஷமே காப்பீடு முடிந்தது. அதாவது முன்பக்கச் சுவர் 5:12க்கு விழுந்து, வீடு மதியம் மூணு மணிக்கு எரிந்திருந்தால், எரிந்தபோது அந்த வீட்டுக்குக் காப்பீடே இல்லை!

ஆக ஒவ்வொரு வீட்டுக்காரரும் நிரூபிக்க வேண்டியது, வீடு எரிந்ததை அல்ல. அதை யாரும் மறுக்கவில்லை. எரியும் முன் அது நின்றுகொண்டிருந்ததை. சாம்பலைக் காட்டி அதை எப்படிய்யா நிரூபிப்பது?

இது ஜனங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ராணுவத்தின் சிக்னல் பிரிவு கேப்டன் லெனார்ட் வைல்ட்மேன் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார்: அந்தப் பகுதி ஆட்கள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள் என்று ஒரு தீயணைப்பு வீரர் அவரிடம் சொன்னாராம். எரிந்தால்தான் பணம், வெறுமனே இடிந்தால் கிடையாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் சேமிப்பு மொத்தமும் ஒரு விரிசல் விட்ட வீட்டில் கிடக்க, பக்கத்துத் தெருவில் தீ வந்துகொண்டிருக்க... நாம என்ன செஞ்சிருப்போம்னு சத்தியமா எனக்குச் சொல்லத் தெரியலை.

சரி, அத்தாட்சிக்கு வருவோம். அதே பாலிசி இன்னொன்றும் கேட்டது. 60 நாளுக்குள் சத்தியப் பிரமாணத்தோடு நஷ்டக் கணக்கு கொடுக்கணும். சேதமான பொருள், சேதமாகாத பொருள் என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை, என்ன விலைக்கு வாங்கியது என்று பட்டியல் போடணும். கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டு!

காகிதங்கள் எங்கே? நகர மன்றத்தில் இருந்த ஆவணங்களில் பெரும்பகுதி போச்சு. இது உன் நிலம்தான் என்று நீதிமன்றம் போய் மறுபடி நிரூபிக்க அந்த வருஷமே 'மெக்எனெர்னி சட்டம்' என்று ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. இரும்புப் பெட்டகத்தில் வைத்தவர்கள்? அதிலும் ஒரு கொடுமை. தீ அணைந்ததும் அவசரப்பட்டுத் திறந்தவர்கள் கண்ணெதிரே காகிதம் குப்பென்று பற்றிக்கொண்டது. உள்ளே அவ்வளவு சூடு, காற்றுக்காகத்தான் காத்திருந்தது. பெட்டகம் ஆறும்வரை நாள்கணக்கில் பொறுத்திருந்தவர்களுக்குத்தான் உள்ளே இருந்தது கிடைத்தது.

வேடிக்கை என்னன்னா, கம்பெனிக்கும் அதே கதிதான். 1863ல் அந்த ஊரிலேயே தொடங்கிய ஃபயர்மேன்ஸ் ஃபண்ட் கம்பெனியின் தலைமை அலுவலகம் கணக்குப் புத்தகங்களோடு எரிந்தது. யாருக்கு எவ்வளவு தரணும் என்பதற்கு, வாடிக்கையாளர் கையில் தப்பித்த பாலிசியையும் அவர் வாய் வார்த்தையையும் நம்ப வேண்டிய நிலைமை. கடைசியில் பாதி ரொக்கம், பாதி தன் பங்குகள் என்று கொடுத்துத்தான் கம்பெனி பிழைத்தது.

போட்டோக்கள் நிறைய இருந்தன. கோடாக் பிரௌனி கேமரா 1900லேயே ஒரு டாலருக்கு வந்துவிட்டது. ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் மே மாதக் கடைசியில் பட்டங்களில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, ஊர் முழுவதையும் ஒரே படத்தில் எடுத்தார். பிரமாதமான படம். ஆனால் என் நாற்பது போட்டோ மாதிரிதான் அதுவும், எல்லாம் 'பிறகு'. எந்தச் சுவர் எதனால் விழுந்தது என்று அது சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது அந்தச் சில மணி நேர இடைவெளியில் எடுத்த படங்கள்தான். ஆர்னால்ட் கெந்தே அன்று காலை ஒரு கடைக்காரரிடம் கேமரா கடன் வாங்கி, சாக்ரமென்டோ தெருவில் நின்று எடுத்தது அப்படி ஒன்று. தூரத்தில் புகை மூட்டம். தெருவில் ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு வீட்டின் முன்பக்கம் சரிந்து தெருவில் கிடக்கிறது, பக்கத்து வீடுகள் நிற்கின்றன. இப்போது பாலிசி வரியை வைத்து அந்தப் படத்தைப் பாருங்க. நிற்கிற வீட்டுக்காரருக்கு அது வரம், சரிந்த வீட்டுக்காரருக்கு அதுவே எமன்.

கெந்தேயின் சொந்த ஸ்டூடியோவும் எரிந்துபோனது. ஆனால் அவருடைய புகழ்பெற்ற சைனாடவுன் நெகட்டிவ்கள் தப்பித்தன. என்றைக்காவது இந்த ஊர் எரியும், இங்கே வைக்காதே என்று நண்பர் வில் இர்வின் சொன்னதைக் கேட்டு முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்.

முடிவு என்ன ஆச்சு? லண்டன் லாய்ட்ஸின் கத்பெர்ட் ஹீத், பாலிசியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, முழுசாகக் கொடுத்துவிடு என்று ஏஜென்டுக்குத் தந்தி அடித்தார். அந்த நல்ல பெயரில் லாய்ட்ஸ் அமெரிக்காவில் காலூன்றியது. சில ஜெர்மன், ஆஸ்திரியக் கம்பெனிகள் மொத்தமாகக் கையை விரித்தன. இன்னும் பல, இடிந்தது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அதனால் டாலருக்கு 75 சென்ட் வாங்கிக்கோ என்று பேரம் பேசின. ஊர்க்காரர்கள் இவற்றுக்கு 'சிக்ஸ் பிட்' கம்பெனிகள் என்று பெயர் வைத்தார்கள். வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அந்த வருஷம் முடிவதற்குள் ஊர் வணிகர் சங்கம், பெர்க்லியில் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆல்பர்ட் விட்னியை விட்டு, எந்தக் கம்பெனி எப்படி நடந்துகொண்டது என்று ஒவ்வொன்றாக எழுதி அறிக்கை போட்டது. எங்களிடம் அத்தாட்சி கேட்டீர்களே, இந்தா உங்கள் அத்தாட்சி!

இன்றைக்கும் கலிஃபோர்னியாவில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, தனியாக வாங்கணும். ஆனால் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வரும் தீ சேரும். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

எங்க தரை விஷயம்? தங்கமணிதான் கண்டுபிடிச்சாங்க. மூணு வாரம் முன்னாடி பாப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மூஞ்சியெல்லாம் மாவோட சப்பாத்தி உருட்டினதை ஊருக்கு அனுப்ப எடுத்த போட்டோ. தேதியோட. பின்னாடி தரை வழவழன்னு சமமா இருக்கு. ஆய்வாளர் பார்த்தார், சிரிச்சார், பணம் வந்தது.

உங்க வீட்டுல இன்னிக்கு எதுவும் உடையலைன்னா, இன்னிக்கே போனை எடுத்துக்கிட்டு அறை அறையாப் போய்ப் படம் எடுத்து வைங்க. வீட்டுல மட்டும் இல்லாம, அண்ணன் தம்பி யாருக்காவதும் ஒரு காப்பி அனுப்பிடுங்க. கெந்தே கேட்ட மாதிரி நாமும் நண்பர் பேச்சைக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?